ஒயரில் ஒன்றுமில்லை

சாம்பல் நிற ஒயரின் ஒரு முனையை டிரான்ஸ்மிட்டரின் முதுகில் இருந்த சின்னத் துளையிலும், குனிந்து மறுமுனையை மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரிலும் செருகியதும் டிங்கென்று ஒரு சத்தம் வந்தது. தணிகாசலத்துக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால் அவருக்கு எப்போதும் வருகிற சந்தோஷம்தான். முப்பத்திமூன்று வருஷம் அனல்மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர், ஒயரின் இந்த முனையில் கொடுத்தது அந்த முனையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு ருசியாக இருக்கும். சனிக்கிழமை, மணி ஒன்று பத்து. மனைவி மங்கை தபால் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் பஸ் பிடித்து வடலூரில் வந்து இறங்க இரண்டரை ஆகும். ஆக ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கிறது. எதற்கு இருக்கிறது? சும்மா, சிமுலேட்டரில் கொஞ்சம் பழகிக்கொள்ள. நாளைக் காலை ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரியில் இந்த டிரான்ஸ்மிட்டரை ரிமோட்டாக வைத்து மஞ்சள் விமானத்தை முதன்முதலாக மேலே ஏற்றப் போகிறார். பின்னறையில் இரண்டு வருஷம் ஒட்டி ஒட்டிக் கட்டிய விமானம், பெட்ரோல் எஞ்சின், இறக்கை மட்டும் இந்தச் சுவரிலிருந்து அந்தப் பீரோ வரைக்கும் வரும். அப்பேர்ப்பட்டதை ஏற்றுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் நாலு தடவை ஓட்டிப் பார்ப்பது யாரும் செய்வதுதான். ஞாயிறுதோறும் அவரோடு பறக்கவிட வருகிற பல் டாக்டர் ஜெயசீலன், நாற்பத்தைந்து வயசுக்காரன், அவனே செய்வான். இதை மங்கை இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இல்லைதான். ஆனாலும் வாசல் கதவைத் தாழ் போட்டிருந்தார். பகலில் அந்த வீட்டில் யாரும் தாழ் போடுவதில்லை.

இரண்டு ஸ்டிக்கையும் நாலு ஓரங்களுக்கும் கொண்டுபோய்ச் சுற்று, பிறகு நடுவில் விட்டுவிடு என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது. சுற்றினார். திரையில் நான்கு பச்சைப் பட்டைகள் நீண்டு சுருங்கின. இடது ஸ்டிக்குக்கு இரண்டு, எஞ்சின் வேகமும் வால் திருப்பலும். வலது ஸ்டிக்குக்கு இரண்டு, இறக்கையைச் சாய்ப்பதும் மூக்கை ஏற்றி இறக்குவதும். சரி, கேலிபரேஷன் முடிந்தது என்று திரை சொன்னது, தணிகாசலம் இரண்டு கட்டை விரல்களையும் ஸ்டிக்குகளின் தலையில் லேசாக வைத்தார், பறக்கத் தயாராக வைத்துக்கொள்வது போல. இடது பக்கத்துப் பட்டைகள் நடுவில் நின்றன. வலது பக்கத்தில் ஒரு பட்டை நிற்கவில்லை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நூல், ஒரு நூல், ஒரு நூல் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒயராக இருக்கும். குனிந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார். டிங். பட்டை அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்டிக்குக்குக் கீழே தூசி போயிருக்கும், ஏரி மண் அப்படி, மாவு மாதிரி எங்கும் நுழையும். பின்மூடியின் ஆறு திருகுகளையும் கழற்றித் தூசியை ஊதி, ஒரு துளி ஸ்பிரே அடித்து, துடைத்து மூடினார். ஆறாவது திருகை அதன் துளையில் வைப்பதற்குள் அது இரண்டு தடவை விழுந்தது. பட்டை அடித்தது. பேட்டரி? முழுசாக ஏறியிருந்தது. டிரான்ஸ்மிட்டரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். வலது பட்டை ஆணி அடித்தது போல நின்றது.

கருவியா, கருவி காட்டுகிற பொருளா? முள் ஆடுகிறது என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி இதுதான். எவ்வளவு தடவை கேட்டிருப்பார். பாய்லரில் தண்ணீர் மட்டம் நிஜமாகவே ஏறி இறங்குகிறதா, அல்லது மட்டத்தைச் சொல்கிற கருவிக்குத்தான் வியாதியா? அதற்கு ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவது. எதைக் கழற்றியதும் ஆட்டம் நிற்கிறதோ அதில் இருக்கிறது கோளாறு. கையைக் கழற்றியதும் நின்றது. இல்லை, அப்படி ஒரே தடவையில் முடிவு கட்டக் கூடாது. மறுபடி வைத்தார், அடித்தது. எடுத்தார், நின்றது. வைத்தார். ஒரு வேளை காலையில் இரண்டு காபி குடித்ததாலோ என்னவோ. ஒரு வேளை உட்கார்ந்திருக்கும் நாற்காலி சரியில்லையோ. எழுந்து சாப்பாட்டு மேஜையிலிருந்து கை வைத்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டு முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டு வைத்தார், அடித்தது, என்ன மனுஷன் நீ, நாற்காலியை மாற்றுகிறாய், ஒரு மாசத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அந்த டாக்டர் என்ன பாஷையில் சொன்னார், உனக்குத் தெரிந்த பாஷையில்தானே சொன்னார்.

அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். நடந்து காட்டச் சொன்னாள். கதவு வரை போய்த் திரும்பினார். வலது கை வீசவே இல்லையே சார், கவனிச்சீங்களா என்றாள். தான் நடக்கும்போது கை வீசுகிறதா என்று யார்தான் கவனிப்பார்கள்? ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதுங்கள் என்றாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் தன் பெயரையும் முகவரியையும் எழுதினார், எழுத எழுத வரி எறும்பு போல ஆகிக்கொண்டே போனது, அப்போது அவருக்கு டாக்டர் சொல்லாமலே ஒன்று தெரிந்துபோயிற்று. இறக்கையின் விலா எலும்புகள். மெல்லிய பால்சா கட்டையில் ஒரு பக்கத்துக்குப் பதினான்காக வெட்டி ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒன்றாம் எண் ஒரு ரூபாய்க் காசு அகலம். போன தீபாவளிக்கு வெட்டிய பதினான்காம் எண் கடுகு. வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது என்னடா இது என்று ஒரு கணம் தோன்றி, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் மஞ்சள் பிளாஸ்டிக் தாளால் எல்லாம் மூடிவிட்டது. மூடியது மங்கைதான். இறக்கைக்குத் தாள் ஒட்டுவதற்கு அவளுடைய இஸ்திரிப் பெட்டியைத்தான் எடுப்பார். இருபது வருஷமாக எடுத்து, இருபது வருஷமாக அவள் புடவையில் ஏதாவது ஒரு பிசின் கறை ஏற்றி, கடைசியில் நீங்க தள்ளுங்க, துணி தேய்க்கத் தெரியாதவங்க இறக்கை தேய்ச்சா இப்படித்தான் என்று அவளே பிடுங்கிக்கொண்டாள். ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தாள். கல்யாணமான புதிதில் அவருடைய சட்டைக் காலரைத் தேய்ப்பாளே, நுனியிலிருந்து நடுவுக்கு, அதே மாதிரி. அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லியும் சொல்லவில்லை. பிசின் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து கடை தேடிப் போய், தேவையே இல்லாத பிசின் இரண்டு புட்டி வாங்கினார். மாத்திரை அட்டைகள் பழைய மல்டிமீட்டர் பெட்டியில் கிடக்கின்றன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டால் அது இருக்கிறது என்று ஆகிவிடும்.

சரி, ஆடட்டும். ஆடினால் பறக்க முடியாது என்று யார் சொன்னது, ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது. பட்டைகள் இருந்த பக்கத்தை மூடிவிட்டு விமானத்தைத் தேர்ந்தெடுத்தார், கிட்டத்தட்டத் தன்னுடையது போலவே ஒன்று, உயர இறக்கை, சாதுவானது. திரையில் ஒரு புல்வெளி, தூரத்தில் மரங்கள், ஒரு ஓடுபாதை. எஞ்சினை ஏற்றினார். ஓடியது, எழுந்தது. மேலே போனபோது அந்தப் பழைய சந்தோஷம் அடிவயிற்றில் அப்படியே இருந்தது, எத்தனை வருஷமானாலும் தரையை விட்டு அது கிளம்புகிற கணம் ஒன்று இருக்கிறதே. மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இறக்கைகள் லேசாக உதறிக்கொண்டே போயின, காற்று அடித்தால் உதறுவதில்லையா. இறக்கும்போதுதான். ஓடுபாதைக்கு நேரே கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தார், மூக்கு மேலும் கீழும் குதித்தது, பிடிக்கப் போனார், கூடுதலாகப் பிடித்துவிட்டார், இறக்கை நுனி தரையில் தட்டி விமானம் குட்டிக்கரணம் போட்டுத் துண்டு துண்டாகச் சிதறியது. சத்தம்கூடப் போட்டது. மறுபடி. மறுபடி. ஏழு தடவையில் ஐந்து தடவை. ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கச் சனங்கள் வந்து உட்காருவார்கள், வாக்கிங் வருகிறவர்கள், ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், ஜெயசீலனின் மனைவி முறுக்கு டப்பாவோடு. மங்கை எப்போதும் கரைக்குக் கீழே, ஓடுபாதைக்கு இருபது அடியில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அங்கிருந்தால்தான் நல்லாத் தெரியுது என்பாள். மஞ்சள் விமானம் நாலரைக் கிலோ. முன்னால் சுழல்கிற விசிறி. அவளுடைய குடை. அந்த இடத்தில் நினைப்பைப் பிடித்து நிறுத்தினார். நிற்கவில்லை. நாலரைக் கிலோ, குடை, இருபது அடி.

அப்போதுதான் சிமுலேட்டரின் அமைப்புகளுக்குள் எதையோ தேடப் போய் அதைக் கண்டார். டெட் ஸோன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு வரைக்கும் வருகிற அசைவைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவைக்கும் இடம். பத்து என்று போட்டார். பட்டைகள் இருந்த பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். வலது பட்டை நின்றது! கை அடித்துக்கொண்டிருந்தது, பட்டை அசையவில்லை. ஓட்டினார், விமானம் கோடு போட்டது போலப் போயிற்று, வளைந்தது, வந்தது, இறங்கியது. இன்னொரு தடவை இறங்கியது. மூன்றாவது தடவையும் இறங்கியதும் வாய்விட்டு ஹா என்று ஒரு சத்தம் போட்டார். இதையே நாளைக்கு டிரான்ஸ்மிட்டரிலும் வைத்துவிட்டால்? அதிலும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும், தேடினால் கிடைக்கும், ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஓட்டலாம். இரண்டு வருஷம். சந்தோஷம் மேலே மேலே வந்துகொண்டிருக்கும்போதே அதன் அடியில் வேறொன்று அரித்தது. முள் ஆடுகிறது என்று மேலதிகாரிகள் திட்டுவார்கள் என்பதற்காகக் கருவியை இறுக்கி மந்தமாக்கி வைக்கிற ஆட்கள் இருந்தார்கள்; முள் சாந்தமாக நிற்கும், உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஆட்களோடு ஒரே மேஜையில் டீ குடிக்க மாட்டார் தணிகாசலம். கம்ப்யூட்டரில் காற்று இல்லை. நிஜத்தில் பக்கத்துக் காற்று ஒன்று அடித்தால் அந்தச் சின்ன அசைவுதான் காப்பாற்றும், அந்தச் சின்ன அசைவைத்தான் வேண்டாம் என்று சொல்லிவைக்கிறார். பத்தை அழித்துப் பூஜ்யம் போட்டார். பட்டை அடிக்கத் தொடங்கியது. வாசல் கதவு தட்டப்பட்டது.

"பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று கேட்டுக்கொண்டே மங்கை உள்ளே வந்தாள். கைப்பை, சாப்பாட்டுக் கூடை, மடக்கிய குடை மூன்றையும் ஒரே நாற்காலியில் போட்டாள். மூக்குத்தியைச் சுற்றி வேர்த்திருந்தது. தண்ணீர் குடித்தாள். திரையைப் பார்த்தாள். "அட, இதென்ன வீடியோ கேமா? உங்க ரிமோட்டயே இதுல மாட்டிட்டீங்களா? நான் ஒரு தடவை ஓட்டறேனே." இருபது வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. ஏரியில் கேட்க பயம், நான் உடைச்சிட்டேன்னா ஒரு வாரம் சோறு திங்க மாட்டீங்க என்பாள். டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையை வாங்குவது போல அடியில் கை கொடுத்து வாங்கினாள், எஞ்சினை முழுக்க ஏற்றினாள், விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் பாய்ந்து ஒரு மரத்தில் மோதியது. மங்கை சிரித்தாள். தபால் ஆபீஸில் பத்து வருஷமாகத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகு நாளாயிற்று. "நீங்க ஓட்டுங்க, நான் பாக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் பழக்க தோஷத்தில் இரண்டு விரலையும் ஸ்டிக்கில் வைத்துவிட்டார். பட்டைகள் இருந்த பக்கம் திரையின் ஓரத்தில் திறந்தே இருந்தது.

"இது மட்டும் ஏங்க இப்படி ஆடுது?"

"அதுவா. ஒயர் லூஸு."

சொல்லி முடிக்கவில்லை, மங்கை குனிந்துவிட்டாள். முட்டி வலிக்காரி, கோயிலில்கூட உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் மண்டியிட்டு, மேஜைக்கடியில் தலையை விட்டு, கம்ப்யூட்டரில் ஒயர் சேருகிற இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்ப பாருங்க." அடித்தது. "இப்ப?" இன்னும் அழுத்திப் பிடித்தாள், இன்னொரு கையால் ஒயரையும் ஏந்திக்கொண்டாள். "நின்னுச்சா? நான் ஆடாமத்தான் புடிச்சிருக்கேன்." மேஜைக்கடியிலிருந்து அவளுடைய முதுகுதான் தெரிந்தது, ரவிக்கையில் வேர்வை, நரைத்த பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டுக்கொண்டு. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. தணிகாசலம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருப்பாள். முட்டி வலிக்க வலிக்க, நாளைக்கும், அடுத்த மாசமும், எது ஆடுகிறது என்றே தெரியாமல் எதையாவது ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

"மங்கை, ஒயர விடு."

"இருங்க, சரியா உக்காரல போல இருக்கு."

"விடுன்னு சொல்றேன்ல. ஒயர்ல ஒண்ணுமில்ல." டிரான்ஸ்மிட்டரை மேஜைமேல் வைத்தார். "என் கைதான்."

அவள் மேஜைக்கடியிலிருந்து தலையை எடுத்து, தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். சொன்னார். ஒரு மாசமாக எத்தனையோ விதமாகத் தொடங்கிப் பார்த்த பேச்சு, எல்லாம் மறந்துபோய் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பார்க்கின்சன்ஸ் என்கிற வார்த்தையை வாய்விட்டு முதல் தடவையாகச் சொன்னார், தபால் ஆபீஸில் யாரோ ஒரு வெளியூர்க்காரரின் பெயரைச் சொல்வது போல இருந்தது. கூரை இடியவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் கத்தியது.

"பிசின் வாங்கப் போறேன்னு போனீங்களே, அன்னிக்கா?" என்றாள் மங்கை.

"ம்."

"தனியாவா போனீங்க? அவ்ளோ தூரம் பஸ்ஸுல?"

"ம்."

"மத்தியானம் எங்க சாப்ட்டீங்க?"

அதை எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை. "சாப்பிடல" என்றார். அப்போதுதான் மங்கையின் முகம் உடைந்தது. வியாதியின் பெயருக்குக் கலங்காதவள் அதற்குக் கலங்கினாள். "காலையிலயும் ரெண்டே தோசைதான் தின்னீங்க அன்னிக்கு, நான் என்னமோ ருசி இல்லையாக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு கோபம் வந்தது. முப்பத்தாறு வருஷம் கூட இருந்ததற்கு இதுதானா மரியாதை, வழியில் பார்க்கிற ஆளா நான், என்னிடம் சொன்னால் ஊருக்குத் தந்தி அடித்துவிடுவேனா. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்தத் திட்டு வெயிலில் வந்தவனுக்கு மேலே தண்ணீர் ஊற்றுவது போல இருந்தது. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டாள். எங்கே இருக்கிறது என்று சொன்னார். மேஜையைப் பிடித்துத் தானாகவே எழுந்து, பின்னறைக்குப் போய், அட்டையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து, சீட்டை இரண்டு தடவை படித்து, ஒன்றைப் பிரித்து அவருடைய இடது கையில் வைத்தாள். போட்டுக்கொண்டார். கசந்தது. கசப்பு அவ்வளவுதான், நாக்கில் கொஞ்ச நேரம். அடுத்த தடவை டாக்டரிடம் எப்போ போகணும், லீவு போடணும் என்றாள். செவ்வாய் என்றார். பிறகு அவளுடைய கை அவருடைய வலது கை மேல் வந்து உட்கார்ந்தது. அவள் கைக்குக் கீழேயும் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. "வலிக்குதா?" என்றாள். "வலியெல்லாம் இல்ல" என்றார்.

ஜெயசீலனுக்கு அவரே போன் போட்டார், ஸ்பீக்கரில், மங்கையும் கேட்கட்டும் என்று. "அண்ணே, பேட்டரியெல்லாம் சார்ஜ் ஏறிடுச்சா?" என்றான் எடுத்த எடுப்பில். ஏறிடுச்சு, ஆனா நாளைக்கு நீதான் ஓட்டப் போற என்றார். "ரெண்டு வருஷம் கட்டினது அண்ணே. மொத தடவ நீங்க ஏத்தாம யாரு ஏத்துறது?" என்றான். கை சரியில்லடா, நேர்ல சொல்றேன் என்றார். அவன் டாக்டர்தானே, பல் டாக்டராக இருந்தாலும். என்ன கை, எப்பலேர்ந்து என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டது போனிலேயே தெரிந்தது. "சரி அண்ணே. நீங்க என் தோள ஒட்டி நில்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் ஓட்டறேன், என் இஷ்டத்துக்கு ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான். போனை வைத்த பிறகு தணிகாசலத்துக்கு நெஞ்சில் ஒரு இடம் காலியாகிப் போயிருந்தது. அந்த இடத்தில் வருத்தம் வந்து உட்காரும் என்று காத்திருந்தார், வருத்தமும் வந்தது, ஆனால் கூடவே பசியும் வந்தது. மணி நாலாகப் போகிறது, இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மங்கை சாதம் போட எழுந்திருப்பாள் என்று பார்த்தார். அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை எடுத்து மடியில் வைத்தாள். "இன்னொரு தடவ. இந்த முறை நீங்க சொல்லுங்க." சொன்னார். எஞ்சினை மெல்ல ஏத்து. மெல்லன்னா மெல்ல. இப்ப வலது ஸ்டிக்கை உன் பக்கமா ஒரு நூல் இழு. எழுந்தது. மங்கை மூச்சை இழுத்தது அவருக்குக் கேட்டது. விமானம் மரங்களுக்கு மேலே போய்ச் சின்னதாகிக்கொண்டே இருந்தது. போகுதே, போகுதே, எப்படிங்க கூப்பிடறது என்றாள். வலது பக்கம் சாய்ச்சு, விடு, அதுவே திரும்பும், பதறாத. திரும்பியது. அவர்களை நோக்கி வந்தது. இப்ப எந்தப் பக்கம்ங்க, எல்லாம் மாறித் தெரியுதே! எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, நிமிர்ந்துடும். தள்ளினாள், நிமிர்ந்தது. வேகத்தைக் குறை. இன்னும் குறை. அவருடைய கை மடியில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அதை அவர் பார்க்கவில்லை, அவளுடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதை இடது பக்கமாக நழுவிப் போயிற்று. விமானம் புல்லுக்கு மேலே தாழ்ந்து, ஒரு தடவை எகிறி, இன்னொரு தடவை எகிறி, வெகுதூரம் ஓடி, வேலிக்குப் பக்கத்தில் முழுசாக நின்றது.

"எறங்கிடுச்சா?" என்றாள் மங்கை, நம்பாமல்.

"எறங்கிடுச்சு" என்றார் தணிகாசலம்.